சட்டம் படித்தவர் பொதுக்கொள்கையும் படிக்கலாமா?

சட்டப் படிப்பை முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறீர்கள். வழக்குகள் பிடித்திருக்கின்றன, ஆனால் ஒரே மாதிரி வழக்கு நூறு வருவதைப் பார்த்தபிறகு, இந்தச் சட்டத்தையே வேறு மாதிரி எழுதியிருக்கலாமே என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. சட்ட முதுகலையான எல்.எல்.எம். படிப்பதா, அரசு எடுக்கும் முடிவுகளை ஆராயும் பொதுக்கொள்கையில் முதுகலையான எம்.பி.பி. படிப்பதா, இரண்டையும் சேர்த்துத் தரும் பட்டத்துக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடுமோ" என்ற பயத்தையும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பயத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது நியாயமான பயம். நானும் முதலில் சட்டம், பிறகு பொதுக்கொள்கை என்று படித்தவன். இப்போது விதிகள், ஒழுங்குமுறைகளின் வரைவுகளோடுதான் என் வேலை. என்னோடு படித்தவர்களில் சிலருக்கு அந்தப் பயம் பலித்தது. அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் இல்லை. காலையில் அரசியலமைப்புச் சட்ட வகுப்பு, மாலையில் பொருளியல் வகுப்பு என்று இரண்டிலும் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். ஆனால் காலையில் படித்ததை மாலையில் கொண்டுவந்து வைத்துப் பார்க்கவில்லை. கல்லூரி இரண்டு பாடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும், அவ்வளவுதான். அவற்றை ஒன்றோடொன்று மோதவிடும் வேலை மாணவருடையது. அதற்கு உங்களிடம் ஒரு கேள்வி இருக்க வேண்டும். சட்டம் மட்டும் தெரிந்தவராலும் முடிக்க முடியாது, கொள்கை மட்டும் தெரிந்தவராலும் முடிக்க முடியாது என்கிற மாதிரி ஒரு கேள்வி.

இது என்ன மாதிரிக் கேள்வி என்று கேட்பீர்கள். ஒரே ஒரு உட்பிரிவை எடுத்துக்கொள்வோம்: "விண்ணப்பம் கிடைத்த 30 நாட்களுக்குள் உரிம அதிகாரி முடிவெடுக்க வேண்டும்."

சட்டம் படித்த கண் உடனே எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். 'கிடைத்த' என்றால் எந்த நாள், தபாலில் வந்த நாளா, பதிவேட்டில் ஏறிய நாளா? 'வேண்டும்' என்பது கட்டாயமா, வழிகாட்டுதலா? 30 நாள் தாண்டினால் உரிமம் கொடுத்ததாகக் கொள்ளலாமா? எல்லாம் நல்ல கேள்விகள்தான். நாம் அதோடு நிறுத்திக்கொண்டு, "முடிவெடுக்காவிட்டால் அனுமதி அளித்ததாகக் கருதப்படும்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டு நிம்மதியாக எழுந்து போவோம்.

இப்போது ஒரு கணக்கு. அந்த அலுவலகத்துக்கு மாதம் 400 விண்ணப்பங்கள் வருகின்றன, ஒன்றைச் சரிபார்க்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். மொத்தம் 600 மணி நேர வேலை. உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு பேர். ஆளுக்கு மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 352 மணி நேரம். அதில் 235 விண்ணப்பத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் முடியும். மீதி 165 சொச்சம் என்ன ஆகும்? தானாக அனுமதி ஆனால் அதிகாரிக்கு மேலிடத்தில் பேச்சு விழும். அதனால் 29-ஆம் நாள் "குறைபாடு உள்ளது, திருத்தி அனுப்பவும்" என்று ஒரு கடிதம் போகும். கையெழுத்து மங்கலாக இருக்கிறது என்று இருக்கும், இல்லாவிட்டால் இணைப்பு ஒன்று விடுபட்டது என்று இருக்கும். திருத்தி அனுப்பினால் 30 நாள் கெடு மறுபடி முதலிலிருந்து. நாம் நிம்மதியாகச் சேர்த்த அந்த ஒரு வரிதான் இந்தக் கடிதங்களைப் பிறப்பித்தது.

சரி, கணக்கு மட்டும் தெரிந்தவர் என்ன சொல்வார்? இன்னும் ஆள் போடுங்கள் என்பார். 600 மணி நேரத்துக்கு நான்கு பேர் வேண்டும். ஆள் போட நிதி இல்லை என்றதும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டும் தெரிந்தவர் உட்பிரிவைத் திறந்து மறுபடி எழுதுவார். எல்லாக் குறைபாடுகளையும் முதல் 7 நாட்களுக்குள் ஒரே கடிதத்தில் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகு புதிய குறைபாடு எழுப்பக் கூடாது, திருத்திய விண்ணப்பம் வந்தால் கெடு விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று மாற்றுவார். அப்புறம் விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுப்பார். அந்த அலுவலகத்திடமே இருக்கும் ஆவணங்களை மறுபடி விண்ணப்பதாரரிடம் கேட்கும் பத்திகளை அடிப்பார். சரிபார்க்கும் நேரம் ஒன்றரை மணியிலிருந்து 50 நிமிடமாக இறங்கினால் 400 விண்ணப்பமும் 334 மணி நேரத்தில் முடிந்துவிடும். இருக்கிற இரண்டு பேரே போதும். இந்தப் படிப்பு தரக்கூடியது இதுதான். உங்கள் மனதில் இப்படி ஒரு உட்பிரிவு உறுத்திக்கொண்டிருந்தால், தாராளமாகப் போங்கள்.

விதி ஒன்று சொல்ல, நடப்பது வேறாக இருப்பதற்கு இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் ஒரு ஆய்வு உண்டு. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் பகல்நேரக் குழந்தைக் காப்பகங்கள் 10. மாலையில் பெற்றோர் தாமதமாக வருகிறார்கள். அவற்றில் 6 காப்பகங்களில், 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் சிறு அபராதம் என்று வைத்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. "ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே" என்று உறுத்திக்கொண்டிருந்த மனது, "காசு கொடுக்கிறோமே" என்று சமாதானமாகிவிட்டது என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். 2000-ஆம் ஆண்டில் இந்த ஆய்வை எழுதிய உரி நீஸியும் ஆல்டோ ருஸ்டிச்சினியும் பொருளியலாளர்கள். வெளியிட்டதோ ஒரு சட்டவியல் ஆய்விதழ். தண்டனை என்று நாம் எழுதுவதை மக்கள் விலை என்று படிக்கக்கூடும் என்பதைச் சட்டக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். தரவு கையில் இருந்தால் போதும், சட்டம் தானாக வழிக்கு வரும் என்ற நினைப்பு கொள்கை வகுப்புகளில் அதிகம். 1905-ல் லாக்னர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேக்கரித் தொழிலாளர்களின் வேலையை நாளுக்கு 10 மணி நேரம் என்று வரையறுத்த நியூயார்க் சட்டத்தைச் செல்லாது என்றது. மூன்று வருடம் கழித்து, 1908-ல், சலவைக்கூடங்கள் போன்ற இடங்களில் பெண்களுக்கு அதே 10 மணி நேர வரம்பு வைத்த ஓரிகன் மாநிலச் சட்டம் அங்கே வந்தது. அதற்காக வாதாடிய லூயி பிராண்டைஸ் தாக்கல் செய்த எழுத்துரையில் சட்ட வாதம் சில பக்கங்கள்தான். மீதி நூறு பக்கத்துக்கும் மேல் தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகள், மருத்துவர்களின் கருத்துகள், பல நாட்டுச் சட்டங்கள். அவற்றைத் திரட்டுவதில் பெரும் பங்கு ஜோசஃபின் கோல்ட்மார்க்குடையது. சட்டம் நின்றது.

இதுவரைதான் கொள்கை வகுப்பில் சொல்வார்கள். அந்தத் தீர்ப்பு நின்றதே, பெண்களின் உடல் பலவீனமானது, அவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்ற அடிப்படையில்தான். பின்னால் பல பத்தாண்டுகள் பெண்களைச் சில வேலைகளிலிருந்து தள்ளிவைக்கும் சட்டங்களுக்கு அதே நியாயம் துணையாக நின்றது. தரவு பழசாகிவிடும், புதிய ஆய்வு வந்து பழையதைத் தள்ளிவிடும். அந்தத் தரவின் மேல் கட்டிய முன்தீர்ப்பு, அதாவது பின்னால் வரும் வழக்குகள் பின்பற்றும் பழைய தீர்ப்பு, மட்டும் அசையாமல் நிற்கும். சட்டத்தின் இந்தக் குணத்தை அனுபவித்து அறிந்தவர் கொள்கை வகுப்பில் ஒருவராவது இருக்க வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

இனி எந்தப் பட்டம் என்பதற்கு வருகிறேன். எல்.எல்.எம். பெரும்பாலும் ஒரு வருடம். சட்டத்துக்குள்ளேயே ஆழமாகப் போகும் படிப்பு. சில இடங்களில் ஒழுங்குமுறை, சட்டத்தைப் பொருளியல் கண்ணால் பார்க்கும் சட்டப் பொருளியல் என்று விருப்பப் பாடங்கள் கிடைக்கும், ஆனால் புள்ளியியலைக் கையைப் பிடித்துக் கற்றுத்தர மாட்டார்கள். எம்.பி.பி. பல இடங்களில் இரண்டு வருடம். பெர்லினில் ஹெர்ட்டி பள்ளியில் அப்படித்தான். ஆக்ஸ்ஃபோர்டின் பிளாவட்னிக் பள்ளியில் ஒரே வருடம். பெங்களூருவில் தேசியச் சட்டப் பள்ளி 2014-லிருந்து இரண்டு வருட எம்.பி.பி. நடத்துகிறது. சட்டப் பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே பொதுக்கொள்கை என்பது அதன் தனித்தன்மை, எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவர்களும் சேரலாம். சட்டப் பொருளியலில் ஐரோப்பிய முதுகலை என்று ஒன்று உண்டு. ஒரே வருடத்துக்குள் இரண்டு மூன்று பல்கலைக்கழகங்களில் மாறி மாறிப் படிக்க வைப்பார்கள். ஆராய்ச்சிதான் நோக்கம் என்றால் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நீதியியல், சமூகக் கொள்கை முனைவர் படிப்பு. அங்கே வரலாறு, சமூகவியல், பொருளியல், தத்துவம் எல்லாம் சட்டத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு பேசும்.

அமெரிக்காவின் இணைப் பட்டங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் அதிகம் பேர் கணக்குத் தவறுகிறார்கள். அங்கே வழக்கறிஞராவதற்கான சட்டப் பட்டமான ஜே.டி. மூன்று வருடம், எம்.பி.பி. இரண்டு வருடம், தனித்தனியாகப் படித்தால் ஐந்து. ஹார்வர்டு போன்ற இடங்களில் சேர்த்துப் படித்தால் நான்கு. அந்த ஒரு வருடம் எங்கிருந்து மிச்சமாகிறது? சில பாடங்களின் மதிப்பலகுகளை (கிரெடிட்) இரண்டு பட்டத்துக்கும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது, மிச்சமாவது பெரும்பாலும் உங்கள் விருப்பப் பாடங்களுக்கான இடம். இரண்டு பக்கத்துக் கட்டாயப் பாடங்களும் அப்படியே இருக்கும். நான்கு வருடமும் மூச்சுவிட நேரமில்லாமல் போனால், மேலே சொன்ன மோதவிடும் வேலையை எப்போது செய்வீர்கள்? ஏற்கெனவே சட்டப் பட்டம் வைத்திருக்கும் உங்களுக்கு அது தேவையா என்பதும் யோசிக்க வேண்டியது. அந்த நாட்டிலேயே வழக்கறிஞராகத் தொழில் செய்யப்போவதில்லை என்றால், இன்னொரு மூன்று வருடச் சட்டப் படிப்பு எதற்கு? உங்கள் நிலையில் நான் இருந்தால் இரண்டு வருட எம்.பி.பி.யை எடுத்துக்கொண்டு, அதே பல்கலைக்கழகத்தின் சட்டத் துறையில் சில பாடங்கள் எடுக்க அனுமதி உண்டா என்று பார்ப்பேன்.

இதைப் படிக்கும் சட்டம் படிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: எம்.பி.பி. உங்களை வழக்கறிஞர் ஆக்காது. சட்டம் படிக்காதவர்களுக்கென்றே நடத்தப்படும் ஒரு வருடச் சட்ட முதுகலைகளும் ஆக்காது. அவை சட்டத்தை வாசிக்கக் கற்றுத்தரும், வாதாடும் உரிமையைத் தராது.

ஒரு கல்லூரியை எப்படிச் சோதிப்பது? விளம்பரப் பக்கத்தில் 'பல்துறை' என்ற சொல் எல்லோரிடமும் இருக்கும். அதை விட்டுவிடுங்கள். கடைசி ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து இரண்டே கேள்வி கேளுங்கள். சட்ட மாணவர்களும் கொள்கை மாணவர்களும் சேர்ந்து ஒரே பணியை எழுதிக்கொடுத்த வகுப்பு எது? உங்கள் ஆய்வேட்டை இரண்டு துறைப் பேராசிரியர்களும் படித்தார்களா, ஒருவர் மட்டுமா? பதில் சொல்ல அவர் யோசித்தால் அங்கே இரண்டு துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சட்ட வரைவுப் பயிற்சி, உண்மையான ஒரு அரசுத் துறைக்காகச் செய்யும் இறுதித் திட்டப்பணி, இந்த இரண்டும் பாடத்திட்டத்தில் இருந்தால் என் கணக்கில் அந்த இடம் முதலில் வரும், தரவரிசை எதுவாக இருந்தாலும்.

புள்ளியியலைப் பற்றிப் பயந்திருப்பீர்கள், எல்லோரும் பயப்படுகிறார்கள். சேர்வதற்கு முன்னால் ஒரு மூன்று மாதம் ஒதுக்குங்கள். சராசரி, பரவல், நிகழ்தகவு, ஒரு மாறி இன்னொன்றோடு எப்படி நகர்கிறது என்று பார்க்கும் ரிக்ரஷன், இவ்வளவு போதும். ஆர் என்ற மென்பொருள் இலவசம், அதிலேயே பழகலாம். சட்டக்காரர்களுக்கு இதில் ஒரு அனுகூலமும் உண்டு. எது எதனால் நடந்தது என்று குறுக்கு விசாரணை செய்து பழகியவர்கள் நாம். "இந்தச் சட்டம் வந்த பிறகு விபத்து குறைந்தது" என்று ஒருவர் சொன்னால், அதே நேரத்தில் வேறு என்ன மாறியது, சட்டம் வராத பக்கத்து மாநிலத்திலும் குறைந்ததா என்று கேட்கத் தோன்றும். புள்ளியியலின் பாதி அந்தக் கேள்விதான். மீதிப் பாதி அதற்கு விடை காணும் கைவேலை.

எனக்குக் கஷ்டமாக இருந்தது எழுத்துதான். முதல் பருவத்தில் ஒரு அமைச்சருக்கு எழுதுவதாக நினைத்துக் கொள்கைக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். வரம்பு இரண்டு பக்கம். நான் 11 பக்கம் கொடுத்தேன். முன்தீர்ப்புகள், விதிவிலக்குகள், எதிர்வாதத்துக்குப் பதில், எல்லாம் அடிக்குறிப்போடு. பேராசிரியர் இரண்டாம் பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இதற்குக் கீழே நான் படிக்கவில்லை. என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்பது இதற்கு மேலே இல்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். நீதிமன்றத்துக்கு எழுதும்போது ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று எழுதுகிறோம். முடிவெடுப்பவருக்கு எழுதும்போது பரிந்துரையை முதல் பத்தியிலேயே வைத்து, அதன் செலவையும் ஆபத்தையும் மறைக்காமல் சொல்லி, மீதியை இணைப்பில் தள்ள வேண்டும். சேர்வதற்கு முன்பே இதைப் பழகலாம். கையில் இருக்கும் ஒரு வழக்குக் கட்டை எடுத்து, இந்தப் பிரச்சினை நூறு பேருக்கு வராமலிருக்க எந்த விதியில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வேலை. சட்டமன்றங்களின் ஆராய்ச்சிப் பிரிவுகள், சட்ட வரைவு அலுவலகங்கள், கொள்கை ஆய்வு நிறுவனங்கள், பன்னாட்டு அமைப்புகள், பொதுநல வழக்கு நடத்தும் அமைப்புகள், பெரிய நிறுவனங்களின் அரசுத் தொடர்புப் பிரிவுகள் என்று பரவிக் கிடக்கிறது. என் அனுபவத்தில் இரண்டு படிப்பும் ஒன்றாகப் பயன்படும் இடம் ஒழுங்குமுறை ஆணையங்கள்தான்: மின்சாரம், தொலைத்தொடர்பு, போட்டிச் சட்டம் மாதிரி. ஒரு மின்கட்டண ஆணையை எடுத்துப் பாருங்கள். ஆணையத்துக்கு அந்த அதிகாரம் எந்தப் பிரிவில் இருக்கிறது, பொதுமக்கள் கருத்தை முறையாகக் கேட்டார்களா என்பது சட்டம். உற்பத்திச் செலவு, இழப்பு, யாருக்கு யார் சலுகை தருகிறார்கள் என்பது கணக்கு. இரண்டில் ஒன்று ஆட்டம் கண்டாலும் ஆணை மேல்முறையீட்டில் விழும். அங்கே உங்களை அரைகுறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மற்ற இடங்களில் சொல்வார்கள். வழக்கறிஞர்கள் உங்களை ஆய்வாளர் என்பார்கள், பொருளியலாளர்கள் உங்களை வக்கீல் என்பார்கள். அதனால்தான் ஒரு காலை உறுதியாக ஊன்றச் சொல்கிறேன். உங்களுக்கு அது சட்டம். வழக்கறிஞர் பதிவை விட்டுவிடாதீர்கள். உங்கள் அடையாளம் கொள்கை தெரிந்த சட்டக்காரர் என்று இருக்கட்டும்.

போக வேண்டாம் என்று நான் சொல்லும் ஆட்களும் உண்டு. நீதிமன்றத்தில் நின்று வாதாடுவதுதான் உயிர் என்றால், இரண்டு வருடம் வெளியே போவது நஷ்டம், சீனியரிடம் இன்னும் இரண்டு வருடம் இருப்பதே மேல். இப்போதைய வேலை சலித்துவிட்டது என்பது மட்டும் காரணமாக இருந்தாலும் வேண்டாம். அந்தச் சலிப்பு படிப்பு முடிந்த அன்று திரும்பி வந்து நிற்கும், கூடவே கல்விக் கடனும் நிற்கும்.

கடன் என்றதும் ஒன்று. கட்டணத்தோடு, படிக்கும் காலத்தில் வராமல் போகும் வருமானத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு வருடப் படிப்பையும் ஒரு வருடப் படிப்பையும் ஒப்பிடும்போது அதுதான் பெரிய வித்தியாசம். உதவித்தொகைகளின் விதிகளை இப்போதே படியுங்கள், பலவற்றுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். உதாரணத்துக்கு, பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை ஒரு வருட முதுகலைக்குத்தான் கிடைக்கும், ஏறக்குறைய இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும், படித்த பிறகு இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. உங்கள் இரண்டு வருட ஜூனியர் அனுபவத்துக்குச் சான்று வேண்டியிருக்கும், சீனியரிடம் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். சில இடங்கள் ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண் கேட்கும், சில கேட்காது. பட்டியலை முடிவு செய்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

விண்ணப்பத்தின் நோக்கக் கட்டுரையில் "சமூகத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்று தொடங்காதீர்கள், அந்த வரியை அவர்கள் அன்றைக்கே நூறு முறை படித்திருப்பார்கள். ஒரே மாதிரி வழக்கு நூறு வருவதைப் பார்த்தேன் என்று எனக்கு எழுதினீர்களே, அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு? அந்தப் பிரிவில் தொடங்குங்கள். அந்த நூறு பேரில் ஒருவர் உங்கள் அலுவலகத்துக்கு வந்த நாளை எழுதுங்கள், பெயர் வேண்டாம், கையில் என்ன காகிதம் வைத்திருந்தார், எந்தத் தேதியில் அவருக்குக் கெடு முடிந்தது என்று எழுதினால் போதும். அதற்குப் பிறகு உங்களுக்கு விடை தெரியாத கேள்வி எது என்பதை எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்தை முதலில் எழுதி எனக்கு அனுப்புங்கள். எந்தக் கல்லூரி என்பதை அதைப் படித்துவிட்டு இன்னும் தெளிவாகப் பேசலாம்.